கதவுக்கு வெளியே இருபத்தெட்டு ஆண்டுகள்

1967ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நவநீதம் பிள்ளை சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார். துணிச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் அவருக்கு வேறு வழியும் இல்லை. சட்டம் படித்து முடித்து வேலை கேட்டுப் போனார். இந்தியப் பெண் ஒருத்தி சொல்லும் வேலையை வெள்ளை ஊழியர்கள் எப்படிச் செய்வார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நேட்டால் மாகாணத்தில் வெள்ளையரல்லாத ஒரு பெண் தொடங்கிய முதல் வழக்கறிஞர் அலுவலகம் அது. அன்றிலிருந்து 28 ஆண்டுகள் வழக்கு நடத்தினார். அத்தனை காலத்தில் ஒரு முறைகூட நீதிபதியின் அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. வெள்ளை வழக்கறிஞர்கள் வழக்கு விஷயமாக உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவார்கள். இவருக்கு அந்தக் கதவு திறக்காது. 1995இல் நெல்சன் மண்டேலாவின் அரசு அவரை உயர் நீதிமன்றத்தில் தற்காலிக நீதிபதியாக அமர்த்தியது. அவர் முதன்முதலில் நுழைந்த நீதிபதி அறை அவருடைய அறைதான்.

2025 நவம்பரில், 84 வயதில், பாலஸ்தீனப் பகுதிகளும் இஸ்ரேலும் குறித்து ஐக்கிய நாடுகள் சபைக்காக வகித்த விசாரணை ஆணையத் தலைவர் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். அன்று அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது சட்டம். இன்று உலகச் சட்டத்தின் முக்கியமான சில வரிகள் அவரும் சேர்ந்து எழுதியவை. இந்த மாற்றம் மகத்தானது. ஆனால் அந்த வரிகளை நிறைவேற்ற வேண்டிய அரசுகள் அன்று எப்படி இருந்தனவோ கிட்டத்தட்ட அப்படியேதான் இன்றும் இருக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவருடைய பணி வாழ்வை எழுதினால் அது வெறும் பாராட்டுரையாகிவிடும்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன் பிறகு 1911 வரை சுமார் 1,52,000 பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். தமிழ் பேசுவோர் அதில் பெரும் பகுதி. அந்தக் கூட்டத்தின் வழிவந்த குடும்பத்தில், டர்பனின் கிளேர்வுட் பகுதியில், 1941இல் நவநீதம் பிறந்தார். அப்பா பேருந்து ஓட்டுநர். ஆறு வயதில், அப்பாவின் சம்பளப் பணத்தைக் கையில் வைத்திருந்த அந்தக் குழந்தையிடமிருந்து ஒருவன் அதைப் பறித்துக்கொண்டு போனான். நீதிமன்றத்தில் ஏறிக் குழந்தை சாட்சி சொன்னாள். திருடனுக்குத் தண்டனை கிடைத்தது. பணம் திரும்பி வரவில்லை. தண்டனை கிடைத்தும் பணம் வராத அந்த வழக்கைப் பெரியவரான பிறகும் அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவர் பின்னாளில் எழுதிய தீர்ப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு நினைவுக்கு வருகிறது.

கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை. கிளேர்வுட்டின் ஏழை இந்தியக் குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு நேட்டால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பின. அந்தப் பணத்தில்தான் 1963இல் இளங்கலையும் 1965இல் சட்டமும் முடித்தார். முருகன் கோயிலும் காவடியுமாக இருந்த கிளேர்வுட்டுக்கு இன்று வேறு முகம். இன ஒதுக்கல் அரசு அப்பகுதியைத் தொழிற்பேட்டைக்கென்று ஒதுக்கி, பெரும்பாலான இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த் போன்ற குடியிருப்புகளுக்குத் தள்ளியது. இன்று அந்தத் தெருக்களில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

1971இல் கணவர் கேபி பிள்ளையைப் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ்ப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரும் வழக்கறிஞர்தான். அந்தச் சட்டத்தில் பிடிபட்டவருக்கு வெளியுலகத் தொடர்பே கிடையாது. காவலில் பலர் செத்த காலம் அது. நவநீதம் அழுதுகொண்டு உட்காரவில்லை. விசாரணை என்ற பெயரில் சட்டத்துக்குப் புறம்பான முறைகளைக் காவல்துறை கையாளக் கூடாது என்று நீதிமன்றத் தடை உத்தரவு வாங்கினார். 1973இல் ரோபன் தீவுச் சிறை. அங்கிருந்த அரசியல் கைதிகளுக்கு வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை வேண்டும் என்று வழக்காடி வென்றார். மண்டேலா உட்பட எல்லோருக்கும் அந்த உரிமை கிடைத்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த நாட்டின் சட்டமே அநியாயம். நாடாளுமன்றத்தில் வெள்ளையர் மட்டும், நீதிபதி இருக்கையில் வெள்ளையர் மட்டும். அந்த நீதிமன்றத்தில் போய் நியாயம் கேட்பதே அதற்கு மதிப்புக் கொடுப்பதாகாதா என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவருடைய பதில் அவர் செய்த வேலையில் இருந்தது. எதிரியின் சட்டப் புத்தகத்திலும் ஓர் ஓரத்தில் மனிதனைக் காப்பாற்றும் ஒரு வாசகம் இருக்கும், அதைத் தேடி எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே படித்துக் காட்டுவது. பிற்காலத்தில் ஐ.நா. மனித உரிமை ஆணையராக ஜெனீவாவில் அவர் செய்ததும் இதுவே. அரசுகள் தாமே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை அவற்றுக்குப் படித்துக் காட்டுவதுதான் மனித உரிமை ஆணையரின் வேலையில் பெரும் பகுதி. அதற்கான பயிற்சி எழுபதுகளின் டர்பனில் நடந்தது.

இடையில் ஹார்வர்டில் 1982இல் முதுகலை, 1988இல் முனைவர் பட்டம். ஊரில் அடிபட்டு வரும் பெண்களுக்கு ஆலோசனை மையம். 1992இல் ‘ஈக்வாலிட்டி நவ்’ என்ற பெண்ணுரிமை அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். புதிய தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவுக்காக உழைத்த பெண்களிலும் ஒருவர்.

உயர் நீதிமன்ற இருக்கையில் அவர் அதிக நாள் இருக்கவில்லை. 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதங்களில் ருவாண்டாவில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். குற்றவாளிகளை விசாரிக்க ஐ.நா. பாதுகாப்பு அவை அமைத்த தீர்ப்பாயம் தான்சானியாவின் அருஷா நகரில் இயங்கத் தொடங்கியது. 1995இல் அதற்கு நவநீதம் பிள்ளை தேர்வானார். தொடக்கத்தில் அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி அவர்தான்.

முதல் பெரிய வழக்கு ழான் போல் அகாயெசு. டாபா என்ற ஊரின் நகரத் தலைவர், முன்னாள் ஆசிரியர். ஜாம்பியாவில் பிடிபட்டவர். 1997 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது அவர் மீதான குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, இனப்படுகொலை இருந்தது. பாலியல் வன்முறை இல்லை. சாட்சியாக வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளை மூன்று ஆண்கள் சிதைத்ததைச் சொன்னார். கேட்கப்பட்ட கேள்விக்குப் பதிலாக அல்ல, பேச்சோடு பேச்சாக. அந்த இடத்தில் நீதிபதிகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அடுத்து வந்த இன்னொரு பெண், நகராட்சி அலுவலக வளாகத்திலேயே பெண்கள் சிதைக்கப்பட்டதைச் சொன்னார். ஜூன் மாதம் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. பிறகு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சாட்சி சொன்னார்கள்.

1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு. இனப்படுகொலை ஒப்பந்தம் 1948இல் எழுதப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்த ஒப்பந்தத்தின்படி சர்வதேச நீதிமன்றம் ஒன்று ஒரு மனிதனைக் குற்றவாளி என்று சொன்னது அன்றுதான். அதைவிடப் பெரிய விஷயம், ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்துடன் அந்த இனத்துப் பெண்களைச் சிதைப்பதும் இனப்படுகொலையே என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதுவரை போர்களில் பெண்ணுடல் வென்றவனின் கொள்ளைப் பொருள். வரலாற்று நூல்களில் ஒரு வரி, நீதிமன்றங்களில் பெரும்பாலும் அந்த வரியும் இல்லை. அமர்வில் இருந்த மூவரில் மற்ற இருவர் ஆண்கள், செனகலின் லைத்தி காமாவும் சுவீடனின் லென்னார்ட் ஆஸ்பெக்ரெனும். தீர்ப்பு மூவருடையதும்தான். ஆனால் அந்த மேடையில் ஒரு பெண் உட்கார்ந்திராவிட்டால் அந்தத் தாய் சொன்னது எழுத்தரின் குறிப்போடு போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். யார் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் சட்டத்துக்குக் காது கேட்கிறது.

அகாயெசுவுக்கு ஆயுள் தண்டனை. சாட்சி சொன்ன பெண்களுக்கு? அந்தத் தீர்ப்பாயத்துக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரமே தரப்படவில்லை. எய்ட்ஸ் நோயோடும் கூரையில்லாத வீட்டோடும் வாழ்ந்த பெண்கள் பலர் சாட்சிக் கூண்டிலிருந்து அப்படியே ஊருக்குத் திரும்பினார்கள். பின்னாளில் ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கியபோது பாதிக்கப்பட்டோருக்கான நிதியம் ஒன்றையும் சேர்த்தே அமைத்தார்கள் என்றால், அதற்கு இத்தகைய தீர்ப்பாயங்களின் அனுபவமும் ஒரு காரணம்.

1999 முதல் 2003 வரை அருஷா தீர்ப்பாயத்தின் தலைவர். வானொலியிலும் பத்திரிகையிலும் கொலைக்குத் தூண்டியவர்களைத் தண்டித்த ஊடக வழக்கில் 2003 டிசம்பரில் தீர்ப்பு சொன்ன அமர்வுக்கும் அவரே தலைவர். அந்த ஆண்டே ஹேக் நீதிமன்றத்தின் முதல் 18 நீதிபதிகளில் ஒருவரானார். 2008 செப்டம்பர் 1 அன்று ஐ.நா. மனித உரிமைகளுக்கான உயர் ஆணையராக ஜெனீவாவில் பொறுப்பேற்றார்.

அந்தப் பதவியைப் பற்றி நம் ஊரில் இரண்டு விதமான தவறான எண்ணம் உண்டு. ஒன்று, ஆணையர் நினைத்தால் எந்த நாட்டுத் தலைவரையும் கூண்டில் ஏற்றிவிடலாம் என்பது. மற்றது, அது வெறும் பேச்சு மடம் என்பது. 1993இல் வியன்னாவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு, டிசம்பரில் பொது அவை உருவாக்கிய பதவி அது. காவல் படை கிடையாது, நீதிமன்றம் கிடையாது. நவநீதம் பிள்ளையின் காலத்தில் ஐ.நா.வின் முறையான வரவுசெலவில் இந்த அலுவலகத்துக்குக் கிடைத்தது மூன்று சதவீதம் அளவில்தான். மீதிக்கு அரசுகளிடம் கையேந்த வேண்டும். அதே அரசுகளைக் கண்டிக்கவும் வேண்டும். ஆணையரின் கையில் உள்ளவை மூன்று: நேரில் போய்ப் பார்ப்பது, பதிவு செய்வது, பகிரங்கமாகச் சொல்வது. முதல் ஆணையர் ஹோசே அயாலா லாசோவிலிருந்து இன்றைய வோல்கர் டர்க் வரை அதிகாரம் இவ்வளவுதான்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இலங்கைப் போர் முடிந்த சில நாட்களில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை சிறப்பு அமர்வு கூடியது. சுதந்திரமான சர்வதேச விசாரணை வேண்டும் என்று ஆணையர் கேட்டார். பேரவை அதைக் காதில் வாங்காமல், இலங்கை கொண்டுவந்த தீர்மானத்தை 29 வாக்குகளில் நிறைவேற்றியது. அந்த 29இல் இந்தியாவின் வாக்கும் ஒன்று.

2013 ஆகஸ்ட் கடைசி வாரம் அவர் இலங்கைக்குப் போனார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம், திருகோணமலை. காணாமல் போன பிள்ளைகளின் படத்தைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் அவர் வரும் வழியெல்லாம் நின்றார்கள். அவரைச் சந்தித்துப் பேசியவர்கள் சிலரின் வீட்டுக்குப் பிறகு காவலர்கள் வந்து விசாரித்ததை அங்கேயே, கொழும்பிலேயே அவர் கண்டித்தார். ஓர் அமைச்சர் அவரைத் தாம் திருமணம் செய்துகொள்ளத் தயார் என்று மேடையில் பேசினார். வேறு சிலர் அவரைத் தமிழ்ப் பெண் புலி என்றார்கள். பயணத்தின் கடைசி நாள் செய்தியாளர்களிடம் அவர் பேசியது இவை எல்லாவற்றுக்கும் பதில். தாம் ஒரு தென்னாப்பிரிக்கர், அதில் தமக்குப் பெருமை என்றார். இலங்கை அரசு எதேச்சாதிகாரத்தை நோக்கிப் போகும் அறிகுறிகள் தெரிகின்றன என்றார். அதே மூச்சில், விடுதலைப் புலிகள் கொலைகார அமைப்பு என்றும், அவர்களைப் போற்றிப் புகழ்வதற்கு இனி இடமில்லை என்றும் சொன்னார்.

தமிழ்நாட்டில் பலருக்கு அந்தக் கடைசிப் பகுதி கசந்தது. நம் பெண் என்று நினைத்திருந்தோமே என்ற ஏமாற்றம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் நம் இரத்தம் என்பதால் நமக்காகப் பேசியிருந்தால், கொழும்பு வைத்த குற்றச்சாட்டு உண்மையாகியிருக்கும். அவர் சேர்த்த ஒவ்வொரு சாட்சியத்தின் மீதும் அந்தக் கறை படிந்திருக்கும். அவர் இரு தரப்பின் குற்றத்தையும் எடுத்ததால்தான் 2014 மார்ச்சில் பேரவை 23 வாக்குகளில் விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. 2015 செப்டம்பரில், அவர் பதவி விட்ட பிறகு, அந்த அறிக்கை வெளிவந்தது. தமிழர்களுக்கு அவர் செய்த பெரிய உதவி, தமிழராக நின்று பேசாமல் நீதிபதியாக நின்று பேசியது.

இந்தியாவிடமும் அவர் அப்படித்தான் பேசினார். 2009 மார்ச்சில் புது டெல்லிக்கு வந்து, ஆயுதப் படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். சாதி ஒடுக்குமுறையை உலக அரங்கில் பேசுபொருளாக்க வேண்டும் என்றார். 2011இல் ஓரினச் சேர்க்கையாளர், திருநர் மீதான வன்முறை குறித்து ஐ.நா.வின் முதல் அறிக்கையைக் கொண்டுவந்தார். அதற்காகப் பல அரசுகள் அவர் மீது கோபமாக இருந்தன. சிரியாவில் அவர் அலுவலகம் பெயர் பெயராகச் சரிபார்த்து வெளியிட்ட எண்ணிக்கை 1,91,369. 2014 ஏப்ரல் வரையான சாவுகள் அவை. அந்த ஆகஸ்டில் பாதுகாப்பு அவையில் விடைபெறும்போது, இந்த அவை விழித்திருந்தால் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்திருக்கும் என்று உறுப்பு நாடுகளின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2021இல் பாலஸ்தீனப் பகுதிகளும் இஸ்ரேலும் குறித்த விசாரணை ஆணையத்துக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். 2025 செப்டம்பர் 16 அன்று அந்த ஆணையம் தன் முடிவை வெளியிட்டது. காஸாவில் இஸ்ரேல் இனப்படுகொலை செய்திருக்கிறது. ஒப்பந்தம் குறிப்பிடும் ஐந்து செயல்களில் நான்கு நடந்திருக்கின்றன என்றது. இஸ்ரேல் அதை முழுவதுமாக மறுத்தது. அகாயெசு தீர்ப்பில் உருவான சட்ட அளவுகோல்களை, அதை எழுதிய மூவரில் ஒருவரே 27 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு மண்ணில் வைத்து அளந்தார். இரண்டுக்கும் நடுவே வேறுபாடு சட்டத்தில் இல்லை, ஆளில் இருக்கிறது. ஓர் ஊரின் முன்னாள் நகரத் தலைவரை ஜாம்பியா பிடித்துக் கொடுத்தது. ஹேக் நீதிமன்றம் 2024 நவம்பரில் பிடியாணை பிறப்பித்த பிறகும் இஸ்ரேல் பிரதமர் 2025 ஏப்ரலில் ஹங்கேரிக்குப் போய் அரசு விருந்தினராக இருந்துவிட்டுத் திரும்பினார். ஹங்கேரி அன்று அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடு.

அதே 2025இல் அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் சிலர் மீது அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. பயங்கரவாதிகளுக்கும் போதைக் கடத்தல்காரர்களுக்கும் விதிக்கும் தடை அது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிரான்செஸ்கா அல்பனீஸ் மீதும் தடை. ஜெனீவாவில் உயர் ஆணையர் அலுவலகம் பணமில்லாமல் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. அன்று நிறத்தைக் காட்டி ஒரு வழக்கறிஞருக்கு நீதிபதி அறையை மறுத்தார்கள். இன்று எழுதிய தீர்ப்பைக் காட்டி நீதிபதிக்கு வங்கிக் கணக்கை மறுக்கிறார்கள். இது வெட்கக்கேடு. இதைக் கண்டும் காணாமல் இருக்கும் ஒவ்வோர் அரசும், நம் அரசு உட்பட, இதற்குப் பொறுப்பு.

அப்படியானால் அவர் வாழ்நாள் உழைப்பு வீணா? இல்லை. மண்டேலாவுக்கு 1973இல் கிடைத்தது வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமை மட்டும்தான். விடுதலைக்கு இன்னும் 17 ஆண்டுகள் ஆயின. பதிவான சாட்சியம் காத்திருக்கும். இலங்கை பற்றிய சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க 2021 முதல் ஜெனீவா அலுவலகத்தில் தனிப் பிரிவு இயங்குகிறது. எந்த நாட்டு அரசு வழக்கறிஞரும் நாளை வழக்குத் தொடுக்க அந்தக் கோப்புகள் உதவும். 2025 ஜூனில் வோல்கர் டர்க் யாழ்ப்பாணத்துச் செம்மணிக்குப் போய்ப் புதைகுழியின் முன் நின்றார். அந்த ஆண்டின் அகழ்வில் மட்டும் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. நவநீதம் பிள்ளை விட்டுச் சென்ற ஆணையத் தலைவர் பொறுப்பில், 1984இல் சென்னையில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிய எஸ். முரளிதர் இன்று அமர்ந்திருக்கிறார்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இலங்கை மீதான தீர்மானங்களில் இந்தியா 2009இல் இலங்கையின் பக்கம் நின்றது. 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. தமிழ்நாடு கொதித்துப்போயிருந்த ஆண்டுகள் அவை. கொதிப்பு அடங்கியதும் 2014இலும் 2021இலும் 2022இலும் யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஆணையரிடம் படை இல்லை. அவருக்கு வலு சேர்ப்பது இந்த வாக்குகள்தான். அடுத்த முறை ஜெனீவாவில் வாக்கெடுப்பு வரும்போது, இலங்கைக்கானாலும் காஸாவுக்கானாலும், இந்தியா எந்தப் பக்கம், ஏன் என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.